அடிக்கிற கலர்: நிரப்பு நிறங்களும் பார்வையின் அரசியலும்

1

'என்ன இப்படி அடிக்கிற கலரா எடுத்திருக்கே?' இந்தக் கேள்வி ஒலிக்காத ஜவுளிக்கடை தமிழ்நாட்டில் இருக்காது. கிளிப்பச்சைச் சேலைக்கு ரோஸ் கரை, மஞ்சள் சட்டைக்கு ஊதாக் காலர், ஆரஞ்சு தாவணிக்கு நீலப் பாவாடை. இவற்றைப் பார்த்தவுடன் மூன்று தீர்ப்புகள் வரிசையாக வந்து விழும். 'பட்டிக்காட்டு கலர்.' 'கண்ணைக் குத்துது.' 'உன் கலருக்கு இது எடுக்காது.' முதல் தீர்ப்பு ஊரைப் பற்றியது. இரண்டாவது கண்ணைப் பற்றியது. மூன்றாவது தோலைப் பற்றியது. ஆனால் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் மூன்றும் 'ரசனை' என்கிற ஒரே விஷயமாகத்தான் தெரிகிறது. 1980-களின் இறுதியில் ராமராஜன் படங்களின் பளிச் சட்டைகளை நகரம் கேலி செய்தபோதும் இந்த மூன்றும் கலந்தேதான் இருந்தன.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கேலிக்குள்ளாகும் இந்தச் சோடிகள் எல்லாமே ஓவியக் கல்லூரிகளில் கோட்பாடாகச் சொல்லித் தரப்படுகிறவை. வான்கோ பச்சையையும் சிவப்பையும் மோதவிட்டால் அது கலை வரலாறு. நடவுக்குப் போகிற பெண் அதையே உடுத்தினால் அது ரசனையின்மை. ஒளி இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. அப்படியென்றால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

2

முதலில் சொற்கள். நம் இயற்பியல் பாடநூல்கள் இவற்றை 'நிரப்பு நிறங்கள்' என்கின்றன. ஓவியர்கள் 'எதிர் நிறம்' என்பார்கள். கடையில் 'கான்ட்ராஸ்ட்', இல்லாவிட்டால் 'ஆப்போசிட் கலர்'. நிரப்புவதும் எதிர்ப்பதும் நேர்மாறான வினைகள் அல்லவா? ஒரே உறவுக்கு எப்படி இரண்டு பெயர்கள்? இரண்டுமே சரிதான். அப்படிப்பட்ட இரு ஒளிகளைத் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழ விட்டால் வெள்ளை கிடைக்கும்; ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடுகிறது. அதே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும். கலந்தால் சமாதானம், அடுத்தடுத்து நின்றால் சண்டை. அவ்வளவுதான் விஷயம்.

எது எதற்கு எதிர்? சாயம் குழைக்கிற ஓவியர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் சோடிகள்: சிவப்பு–பச்சை, மஞ்சள்–ஊதா, நீலம்–ஆரஞ்சு. தொலைக்காட்சியும் டிஜிட்டல் கேமராவும் ஒளியைக் கூட்டி வேலை செய்வதால் அங்கே கணக்கு கொஞ்சம் மாறும்: சிவப்புக்குப் பச்சைநீலம் (சயான்), பச்சைக்கு மெஜந்தா, நீலத்துக்கு மஞ்சள். சாயம் ஒளியைத் தின்றுவிடுவது; அதனால் எதிர்ச் சாயங்களைக் குழைத்தால் வெள்ளைக்குப் பதிலாக ஒரு மங்கிய பழுப்போ சாம்பலோதான் கிடைக்கும். பட்டியல் வேறானாலும் விதி ஒன்றுதான்: நிறச் சக்கரத்தில் நேர் எதிரே நிற்பவை சோடி.

கருவி ஏதும் இல்லாமலே இதைச் சோதிக்கலாம். நல்ல சிவப்புத் துணித்துண்டு ஒன்றை வெள்ளைத்தாளின் மேல் வைத்து அரை நிமிடம் கண்ணை அசைக்காமல் பாருங்கள். பிறகு துணியை எடுத்துவிடுங்கள். வெறும் தாளில் அதே வடிவம் பச்சைநீலச் சாயலில் மிதக்கும். விழித்திரையில் நிறம் உணர்கிற கூம்பு செல்கள் மூன்று வகை. சிவப்புப் பக்கம் அதிகம் வினைபுரிகிறவை அந்த அரை நிமிடத்தில் சோர்ந்து போகின்றன. வெள்ளைத்தாளைப் பார்க்கும்போது மற்றவற்றின் குரல் ஓங்கிவிடுகிறது. 1870-களில் ஜெர்மன் உடலியலாளர் எவால்ட் ஹேரிங் இன்னொன்றையும் கவனித்தார். நீலம் கலந்த சிவப்பு உண்டு, மஞ்சள் கலந்த சிவப்பு உண்டு. ஆனால் 'பச்சையான சிவப்பு' என்ற ஒன்றை நாம் பார்ப்பதே இல்லை. சிவப்பும் பச்சையும், மஞ்சளும் நீலமும் பார்வை மண்டலத்தில் ஒரே தராசின் இரு தட்டுகள் என்றார் அவர். கூம்பு செல்களுக்கு அடுத்த கட்ட நரம்புகளில் இப்படிப்பட்ட எதிர்வினை நடப்பதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. அறுவை அரங்குகளில் வெள்ளை போய்ப் பச்சைத் துணி வந்ததற்கும் இதுவே காரணம்: ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண் வெள்ளைத் துணிக்குத் திரும்பினால் பச்சைப் பேய்கள் தெரியும்.

இதிலிருந்து கிடைப்பது முக்கியமானது. ஒவ்வொரு நிறமும் தன் எதிரியைப் பக்கத்திலிருப்பதன் மேல் தூவிக்கொண்டே இருக்கிறது. சிவப்புக்கு நடுவே வைத்த சாம்பல் லேசாகப் பச்சை தட்டும். சிவப்புக்கு அருகே பச்சையையே வைத்தால், பச்சை மேலும் பச்சையாகவும் சிவப்பு மேலும் சிவப்பாகவும் ஆகும். ஜோசப் ஆல்பர்ஸ் 1963-இல் வெளியிட்ட 'இன்டராக்‌ஷன் ஆஃப் கலர்' நூல் முழுக்க இந்தப் பயிற்சிகள்தான்: ஒரே காகிதத்துண்டு இரண்டு பின்னணிகளில் இரண்டு நிறமாகத் தெரியும். சொல்லுக்குத் தனியே அர்த்தம் இல்லை, பிற சொற்களோடான வேறுபாடே அர்த்தம் என்று சசூர் மொழியைப் பற்றிச் சொன்னதை நாம் படித்திருக்கிறோம். நிறத்தின் விஷயத்தில் அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

3

இதை முறைப்படி எழுதிவைத்தவர் ஓவியர் அல்ல, சாயப்பட்டறைக்காரர். மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் 1824-இல் பாரீஸின் கோபெலன் திரைச்சீலைத் தறிக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கறுப்புச் சாயம் சரியில்லை, நெய்த பிறகு வெளுத்துத் தெரிகிறது என்று புகார் வந்தது. சோதித்தார். சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் தம் எதிர்ச்சாயலைக் கறுப்பின் மேல் ஏற்றி அதை மங்கவைத்தன. இந்த விசாரணை வளர்ந்து 1839-இல் நிறங்களின் உடன்நிகழ் எதிர்வு பற்றிய பெரிய நூலாக வந்தது. டெலக்ரா முதல் சூரா வரை ஓவியர்கள் பலர் அந்தக் கோட்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். வான்கோவும் தறியை அறிந்தவர். 1884-இல் நூனென் கிராமத்தில் நெசவாளர்களை வரைந்தார். எந்த நிறத்துக்கு எது எடுக்கும் என்று பார்க்க வண்ணக் கம்பளி நூல் உருண்டைகளை ஒரு பெட்டியில் வைத்திருந்தார். அந்தப் பெட்டி இன்றும் இருக்கிறது.

நம் தறிகளுக்கு வருவோம். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களில் ஓடிப் பின்னி இணைகின்றன. ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? சாதாரணமாக நெய்தால் உடலின் ஊடு நூல் கரைக்குள்ளும் ஓடிக் கரை நிறத்தைக் கெடுத்துவிடும். அரக்குக் கரை அரக்காகவே, பச்சை உடல் பச்சையாகவே நிற்க வேண்டுமென்றால் அவை கலக்கக் கூடாது, அடுத்தடுத்து நிற்க வேண்டும். இன்னொரு பக்கம் 'டபுள் கலர்'. பாவு ஒரு நிறம், ஊடு இன்னொரு நிறம். மயில்கழுத்தில் நீலமும் பச்சையும் கலக்கின்றன. சக்கரத்தில் அவை அண்டை வீட்டார், எனவே மினுங்குகின்றன. சிவப்புப் பாவில் பச்சை ஊடு ஓடினால் கிட்டத்தில் இரண்டும் தெரியும். நாலடி தள்ளி நின்றால் தவிட்டு நிறமாக அடங்கிவிடும். ஒரே இரண்டு நிறங்கள், பட்டையாக வைத்தால் அடிக்கின்றன, நூலாக வைத்தால் அணைகின்றன. சூரா 1880-களில் புள்ளிகளால் தீட்டியபோது சந்தித்த சிக்கலும் இதுதான். ஆண்டிபட்டிப் பக்கம் தறியில் உட்காருகிறவருக்கு இந்தக் கணக்கு கைப்பழக்கத்தில் இருக்கிறது. அதை நாம் 'கோட்பாடு' என்று அழைப்பதில்லை; எழுத்தில் வந்தால்தான் கோட்பாடு.

4

சரி, கண்ணைக் குத்துவது ஏன்? இது பொய்யல்ல; சில சோடிகள் உண்மையிலேயே குத்துகின்றன. எதிர்நிறங்கள் இரண்டும் ஒரே அளவு வெளிச்சமும் ஒரே அளவு அடர்த்தியும் கொண்டிருந்தால் அவை சந்திக்கும் விளிம்பு நடுங்குவதுபோல் தெரியும். மூளையில் இடத்தையும் அசைவையும் கணிக்கிற பாதை பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை நம்பியே இருக்கிறது. நிற வேறுபாட்டை அது பொருட்படுத்துவதில்லை. ஆக, நிறம் உணரும் பகுதி 'இங்கே விளிம்பு இருக்கு' என்கிறது, இடம் கணிக்கும் பகுதி 'ஒண்ணுமே இல்லையே' என்கிறது. இந்த முரண்தான் 'அடிப்பது'. வான்கோ 1888-இல் ஆர்ல் நகரத்தில் தீட்டிய 'இரவு விடுதி' ஓவியத்தில் ரத்தச் சிவப்புச் சுவர்களையும் பச்சைக் கூரையையும் பச்சை மேசையையும் வைத்து இதைத்தான் வேண்டுமென்றே செய்தார். மனிதர்களின் கொடூர வேட்கைகளைச் சிவப்பாலும் பச்சையாலும் சொல்ல முயன்றதாகத் தம்பிக்கு எழுதினார்.

நடுக்கத்தை அடக்கவும் வழிகள் உண்டு. ஒன்று அளவு. பவ்ஹவுஸ் பள்ளியில் கற்பித்த யோஹன்னஸ் இட்டன் தரும் கணக்கு: சிவப்பும் பச்சையும் சமபங்கு, ஆரஞ்சு ஒன்றுக்கு நீலம் இரண்டு, மஞ்சள் ஒன்றுக்கு ஊதா மூன்று. மஞ்சள் இயல்பிலேயே வெளிச்சம் கூடியது என்பதால் கொஞ்சம் போதும். இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. சேலை உடலுக்கும் கரைக்கும் இடையே ஓடும் சரிகை இழையைக் கவனியுங்கள். பேனர் ஓவியர்கள் எழுத்தைச் சுற்றி இழுத்த வெள்ளைக் கோட்டையும், லாரி பாடியில் பூவைச் சுற்றி ஓடும் கறுப்புக் கோட்டையும் கவனியுங்கள். 'பட்டிக்காட்டு கலர்' என்று தள்ளப்படுகிற இடங்களில்தான் இந்தத் தீர்வுகள் கைவசம் இருந்திருக்கின்றன.

ஆகவே 'குத்துது' என்பது கண்ணின் செய்தி. 'பட்டிக்காடு' என்பது சாதி–வர்க்கத்தின் செய்தி. முதலாவதைச் சாட்சியாக நிறுத்தி இரண்டாவது தீர்ப்பெழுதுகிறது.

5

இந்தப் பேச்சுக்குச் சின்னமனூர் நல்ல களம். 1895-இல் கட்டிமுடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை மேற்கே போன தண்ணீரைக் கிழக்கே திருப்பியதால் இந்தப் பள்ளத்தாக்கு பச்சையானது. லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல். இவ்வளவு பெரிய பச்சைத் தளத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தால் என்ன ஆகும் என்பது இந்நேரம் புரிந்திருக்கும். சினிமாவுக்கும் புரிந்தது. 1977-க்குப் பிறகு தமிழ்க் கேமரா ஸ்டூடியோவை விட்டு ஊருக்குள் வந்ததில் அல்லிநகரத்துப் பாரதிராஜாவின் பங்கு பெரிது. கம்பம் பள்ளத்தாக்கு படப்பிடிப்புத் தலமாகவும் ஆனது. வயலின் பச்சைக்கு நடுவே சிவப்புத் தாவணியோ ரோஸ் சேலையோ உடுத்திய நாயகி என்பது பாட்டுக் காட்சிகளின் வாய்பாடாயிற்று. பச்சை அவளை முன்னே தள்ளுகிறது, அவள் பச்சையைச் செழிப்பாக்குகிறாள். 'கிராமம்' என்ற காட்சிப் பிரதி இப்படி உற்பத்தியானது.

அதே வயலில் நாற்று நடுகிற பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் ஆம்பிளைகளின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வெயிலிலும் சோப்பிலும் வெளுத்த காக்கி, சாம்பல், கட்டம். எதிர்நிறம் ஏதும் இல்லை. கேமராவுக்கு அவர்கள் வயலின் பகுதியாகிவிடுகிறார்கள். நாயகி உருவம், இவர்கள் தளம். யாரையும் மறைக்க வேண்டும் என்று யாரும் திட்டமிட வேண்டியதில்லை. நிறத்தை மட்டும் நம்பும் சட்டகமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அது விதியல்ல. இட்டன் எண்ணிக் காட்டிய எதிர்வுகள் ஏழு. எதிர்நிறம் அதில் ஒன்று மட்டுமே. வெளிச்சம்–இருள் உண்டு, சூடு–குளிர்ச்சி உண்டு, தெளிவு–மங்கல் உண்டு, பெரிசு–சிறிசு உண்டு. புகைப்படக்காரர் உட்கார்ந்து கேமராவைத் தாழ்த்தினால், அந்தச் சாம்பல் சட்டை நெற்பச்சையை விட்டு வானத்துக்கோ தண்ணீர்ப் பளபளப்புக்கோ எதிரே வந்து நிற்கும். காலை வெயில் பக்கவாட்டில் விழுகிற நேரத்தைத் தேர்ந்தால் நிழல் நீலமும் ஒளி ஆரஞ்சுமாகப் பிரிந்து, வெளுத்த சட்டையே இரண்டு எதிர்நிறங்களை ஏந்தும். யார் உருவம், யார் தளம் என்பதை முடிவு செய்வது நாம் நிற்கும் இடம்.

சின்னமனூரிலிருந்து மலையேறினால் மேகமலை. தேயிலை, ஏலக்காய், காபித் தோட்டங்கள். காபிப் பழம் பறிக்கிற கை, பச்சை இலைக்கும் பச்சைக் காய்க்கும் நடுவே பழுத்த சிவப்பை மட்டும் எடுக்க வேண்டும். குரங்கினத்தில் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் கண் பரிணமித்ததே இலைக்கு நடுவே பழத்தையும் இளந்தளிரையும் கண்டுகொள்ளத்தான் என்பது அறிவியலாளர் பலர் ஏற்கும் கருதுகோள். எதிர்நிறம் கூலிக்கு உழைக்கிற கண்ணின் அன்றாடம். ரசனை அதற்குப் பிறகு வந்தது.

6

மூன்றாவது தீர்ப்பு: 'உன் கலருக்கு எடுக்காது.' புகைப்படத்தின் வரலாறு இதில் நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஆரம்பகாலக் கறுப்புவெள்ளைத் தட்டுகளும் 'ஆர்த்தோகுரோமட்டிக்' படச்சுருளும் சிவப்பை உணராதவை. குங்குமப் பொட்டு கறுப்பாய் விழும். நம் தோல் திருப்பியனுப்பும் ஒளியில் பெரும்பங்கு சிவப்புப் பக்கம். அதை வாங்க மறுத்த படச்சுருளில் மாநிறமும் கறுத்தே விழுந்தது. 'பான்குரோமட்டிக்' பரவிய பிறகு நிலை மாறியது. வண்ணம் வந்தபோது வேறு சிக்கல். 1950-கள் முதல் ஆய்வகங்களுக்குக் கோடாக் அனுப்பிய மாதிரிப் படத்தில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த தோலின் நுட்பங்கள் வரவில்லை என்ற புகார் நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. பழுப்பு நிறங்களைச் சீர்செய்ய உந்தியவர்களில் சாக்லேட், மர நாற்காலி விளம்பரக்காரர்களும் உண்டு என்று பிற்காலத்தில் அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்களே சொன்னார்கள்.

இப்போது டிஜிட்டல் கருவிகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றன. வீடியோவின் நிறத்தை அளக்கும் வெக்டர்ஸ்கோப்பில் மனிதத் தோல் எந்த நாட்டுத் தோலானாலும் ஏறத்தாழ ஒரே கோட்டின் மேல்தான் விழுகிறது: சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே, ஆரஞ்சுப் பக்கம். நாம் 'செவப்பு' என்பவரும் 'கருப்பு' என்பவரும் நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். பெரிய வேறுபாடு வெளிச்ச அளவில்தான். வெளிச்ச அளவை நிறப்பெயராக்கி, நிறப்பெயரைத் தகுதியாக்கியது நம் சமூகம். 'வர்ணம்' என்ற சொல் இரண்டு வேலையும் பார்ப்பது தற்செயல் அல்ல.

அப்படியானால் தோலுக்கு எதிர்நிறம் எது? நீலமும் பச்சைநீலமும். யாருடைய தோலானாலும் அதுவே. இன்றைய சினிமாக்காரர்கள் நிறத்திருத்தத்தில் நிழல்களை நீலப்பச்சைக்கும் முகங்களை ஆரஞ்சுக்கும் தள்ளுவது இதனால்தான். 'கறுத்தவங்களுக்கு இந்தக் கலர் எடுக்காது' என்ற தீர்ப்புக்கு ஒளியியலில் ஆதாரம் இல்லை. கறுத்த தோல் அருகே மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் வைத்தால் நிற எதிர்வோடு வெளிச்ச எதிர்வும் சேர்ந்துகொள்கிறது; வண்ணம் மேலும் ஒளிர்கிறது. 'எடுப்பா இருக்கு' என்பதற்கு வேறென்ன அர்த்தம்?

குறை கேமராவைக் கையாள்வதில் இருக்கிறது. ஒளிமானி, எதைக் காட்டினாலும் சுமார் 18 சதம் ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பல் என்று வைத்துக் கணக்குப் போடும். வெள்ளைச் சுவருக்கு முன் கறுத்த முகத்தை நிறுத்தினால் சுவரைச் சாம்பலாக்குவதற்காக முகத்தை இருட்டில் தள்ளிவிடும். முகத்துக்கு அளந்து எடுங்கள், பின்னணியை நீலமாகவோ பச்சையாகவோ வையுங்கள், பக்கத்து வெளிச்சத்தைத் தோலின் பளபளப்பில் விழவிடுங்கள். முகம் வரும். அதை விட்டுவிட்டு, பிளெக்ஸ் அச்சுக்குப் போகும் முன் முகத்தை வெளுக்கிற பழக்கம் திறமைக் குறைவு மட்டுமல்ல.

7

கதே 1810-இல் வெளியிட்ட நிற நூலில் ஓர் அனுபவத்தைப் பதிகிறார். ஒரு விடுதியில் வெளுத்த முகமும் கறுத்த கூந்தலும் செஞ்சிவப்பு மேலாடையும் கொண்ட பெண்ணை அந்தி வெளிச்சத்தில் உற்றுப் பார்க்கிறார். அவள் நகர்ந்ததும் எதிரிலிருந்த வெள்ளைச் சுவரில் கறுத்த முகமும் அதைச் சுற்றி ஒளியும் கடல்பச்சை ஆடையும் தெரிகின்றன. அந்தக் கறுத்த பெண் எங்கிருந்தும் வரவில்லை. வெளுத்த முகத்தைப் பார்த்த அதே கண்தான் அவளையும் உண்டாக்கியது. 'மற்றது' பற்றி நாம் எழுதிக் குவித்திருப்பவற்றில் பலவற்றை இந்தச் சுவர் சொல்லிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. 'நிரப்பு' என்ற சொல்லைச் சமூகத்துக்கு அப்படியே தூக்கி வரக் கூடாது. ஒவ்வொரு பிரிவும் மற்றதை நிரப்புகிறது, எல்லாம் சேர்ந்தால் முழுமை என்பது வர்ணாசிரமத்தின் பழைய வாதம். நிறங்களின் உறவு அப்படிப்பட்டதல்ல. அது இருவழி. சிவப்பு பச்சையை உயர்த்துகிற அளவுக்குப் பச்சை சிவப்பை உயர்த்தும். உருவத்தையும் தளத்தையும் இடம் மாற்றி வைத்தாலும் எதிர்வு குறையாது. ஊரில் அப்படி இடம் மாற்றிவைக்க முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, சுவரெழுத்தும் துண்டறிக்கையும் தயாரிக்கும் தோழர்களுக்கு. நிற எதிர்வு கண்ணை இழுக்கும். ஆனால் வாசிக்கவைப்பது வெளிச்ச எதிர்வு. பச்சைமேல் சிவப்பெழுத்து தூரத்திலிருந்து அழைக்கும், கிட்டே போனால் நடுங்கும். சிவப்பு–பச்சை பிரித்தறியாத கண்களுக்கு அங்கே எழுத்தே இல்லாமல் போகலாம். நீலத்தின் மேல் சிவப்பும் அப்படியே. செல்போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்புவெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எழுத்து நின்றால் எழுதலாம், கரைந்தால் நடுவே வெள்ளைக் கோடு போடுங்கள். வண்ண அச்சுக்குக் காசில்லாத சிறுபத்திரிகைகளில் கே.எம். ஆதிமூலத்தின் கோடுகள் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே கொண்டு நின்றதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை 'அடிக்கிற கலர்' என்று யாராவது சொன்னால், எது அடிக்கிறது என்று கேளுங்கள்: விளிம்பா, ஊரா, தோலா? விளிம்பு என்றால் ஒரு சரிகை இழை போதும். மற்ற இரண்டுக்கும் சேலையை மாற்றிப் பயனில்லை.